ஒரே குரலில் ஒரு கம்பெனி

என் முன்னால் ஓர் இளநீர் இருந்தது. அதில் ஸ்ட்ரா போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய ஃபேன், தையல் மெஷின்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எனக்காக மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே செக்கிங் பகுதிப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோர் முகத்திலும் வெள்ளை மாஸ்க். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்திருக்க வேண்டும். நடுவில் விழுந்த மடிப்புகூட இன்னும் நிமிரவில்லை.

திருப்பூர், பல்லடம் ரோடு. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஏதோ ஓர் ஐப்பசி. நான் அரசியல் அறிவியல் துறையில் முழுநேர ஆராய்ச்சி மாணவன். பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் அரசியல் பங்கேற்பு என்பது தலைப்பு. கழுத்தில் பல்கலைக்கழக அடையாள அட்டை, கையில் கிளிப் மாட்டிய பரீட்சை அட்டை. சட்டையை பேன்ட்டுக்குள் விட்டு பெல்ட் போட்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தபோது என்னை நானே எழுந்து நின்று வணங்கலாம் போலிருந்தது.

முதலில் வந்தவர் ஜெயராணி. முப்பது வயதைத் தாண்டியவர், தென்மாவட்டத்துக்காரர்.

"உங்க பேருங்க?"

"ஜெயராணி சார். எட்டு மணி நேரம் வேலை சார்."

நான் பேரை மட்டும்தான் கேட்டிருந்தேன். சுறுசுறுப்பான பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன்.

"போன தேர்தல்ல ஓட்டுப் போட்டீங்களா?"

அவர் ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தார். அங்கே மேனேஜர் பிரகாஷ், பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும் தகப்பனைப் போலக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"போட்டேன் சார். கம்பெனியில லீவு விட்டாங்க சார். சம்பளத்தோட விட்டாங்க சார். யாரும் கட்டாயப்படுத்தலை சார்."

"அரசியல் கூட்டத்துக்கெல்லாம் போவீங்களா?"

"விருப்பப்பட்டா மட்டும்தான் சார். அதுக்கு டபுள் சம்பளம் சார்."

அடுத்து வந்தவரும் இதையே சொன்னார். அதற்கடுத்தவரும். 'உங்களைப் பாதிக்கும் முக்கியமான பிரச்சினை எது?' என்ற கேள்விக்கு ஒரு பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தீயணைக்கிற சிலிண்டர் வாசல்கிட்டயே இருக்கு சார்" என்றார். நானும் எழுதிக்கொண்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஏன் உறைக்கவில்லை என்றால், இளநீர் நன்றாக இருந்தது.

கிளம்பும்போது மேனேஜர் ஒரு பையைக் கையில் கொடுத்தார். "சாம்பிள் பீஸுங்க சார். எக்ஸ்போர்ட் குவாலிட்டி. நம்ம கம்பெனியப் பத்தி நல்லபடியா எழுதிருங்க."

ஆராய்ச்சிக்கு இந்த ஊரில் இவ்வளவு மதிப்பா என்று நெகிழ்ந்துபோய் பஸ் ஏறினேன்.

எந்தக் கட்சிங்க?

மதிப்பு என்ற சொல் எனக்கு ஏன் அவ்வளவு இனித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் மடத்துக்குளம் பக்கம். தென்னையும் கரும்பும் வாய்க்கால் தண்ணீரும் தவிர மற்றதெல்லாம் வெட்டிப் பேச்சு என்று நம்புகிறவர்கள் என் சொந்தக்காரர்கள். பையன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால் அப்பா ஆரம்பத்தில் உள்ளதைச் சொன்னார்.

"அரசியல் படிக்கிறானுங்க."

"அதைய எதுக்குங்க படிக்கோணும்? எறங்குனாப் பத்தாதுங்களா? சரி, எந்தக் கட்சிங்க?"

நாலைந்து முறை இப்படி ஆனதும் அப்பா உஷாராகி, "எம்.ஏ. முடிச்சுட்டு மேல படிக்கிறானுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் பாயசம் வரும்வரை பொறுத்திருந்து, தோட்டத்து மோட்டாருக்குக் கரண்ட் கனெக்‌ஷன் வாங்கித் தர முடியுமா என்று காதோடு கேட்டார். "நீங்க பொலிட்டிக்கல்ல இருக்கறதாச் சொன்னாங்க கண்ணு." நான் அரசியல் சிந்தனை வரலாறு படிப்பதாகச் சொன்னேன். அவர் சாப்பிட்ட இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

என் சித்தப்பா மகன் செந்தில், பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். நான் முதுகலை முடிப்பதற்குள் திருப்பூரில் சொந்தமாகத் தையல் யூனிட் போட்டுவிட்டான். பார்க்கும்போதெல்லாம் அக்கறையாக விசாரிப்பான்.

"இது முடிச்சா என்னாவீங்க?"

"டாக்டர் பட்டம் கெடைக்கும்."

"ஊசி போடலாமுங்களா?"

"போட முடியாதுடா."

"அப்பறம் எதுக்குங்க டாக்டரு?"

 

வசந்தா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்

எங்கள் துறை இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே வணிகவியல் துறையில் எந்நேரமும் திருவிழாக் கூட்டம். எங்கள் மாடியில் புறாக்கள். துறை நூலகத்தில் நான்கு பீரோக்கள், அவற்றில் இரண்டுக்குச் சாவி இல்லை.

என் வழிகாட்டி வசந்தா மேடம். சின்ன உருவம், அதைவிடச் சின்னக் குரல். அந்தக் குரலில் அவர் திட்டினால் திட்டு வாங்குகிறவன்தான் முன்னால் குனிந்து காது கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தாரென்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அன்று துடைத்தார்.

"ஒரு வருஷமா என்ன பண்ற?"

"கோட்பாட்டுச் சட்டகம் போட்டுட்டு இருக்கேன் மேடம்."

"கேன்டீன்லயா?"

எனக்குப் பதற்றம் வந்தால் விக்கல் வரும். சிறுவயதிலிருந்தே அப்படி. பொய் சொல்லும்போதும் வரும் என்பதால் என் வாழ்க்கையில் பெரிய பொய்கள் எதுவும் அமையவில்லை.

"அடுத்த மாசம் ஆராய்ச்சிக் கமிட்டி கூடுது. களத்துக்குப் போய்த் தகவல் சேகரிச்சுட்டு வந்து நில்லு. இல்லேன்னா உன் பதிவை ரத்து பண்ணச் சொல்லி நானே எழுதிக் குடுத்துடுவேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. பதிவு ரத்தானால் நான் திரும்பிப் போக வேண்டியது மடத்துக்குளத்துக்கு. அப்பா மழையைப் பற்றி எத்தனை பேரிடம்தான் பேசுவார்?

அன்று சாயங்காலமே திருப்பூரில் இருக்கும் பழனிச்சாமி மாமாவுக்குப் போன் செய்தேன். அம்மாவுடன் பிறந்தவர். பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்பவர். அவர் ஒரு மேனேஜரைக் கூப்பிட்டு, "நம்ம மருமகன் வர்றானுங்க. உங்க ஆளுககிட்ட நாலு கேள்வி கேப்பான். கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவைத்தார். கழுத்தில் அட்டையும் கையில் பேப்பருமாக நான் போய் நின்றேன். இளநீர் வந்தது.

கம்ப்யூட்டர் கைவிரித்தது

திரும்பி வந்ததும் பதில்களையெல்லாம் துறையின் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். புள்ளியியல் மென்பொருளை ஓடவிட்டதும் அது கொஞ்ச நேரம் முனகிவிட்டு, கணக்கிட முடியாது என்று சொல்லிவிட்டது. லேப் உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

"அது கணக்குப் போடறதுக்கு ஆளுக்கு ஆள் வித்தியாசம் வேணுமுங்க. இங்க எல்லாரும் ஒண்ணையே சொல்லியிருக்காங்க. ஒரே ஆள உக்கார வெச்சு நீங்களே நெரப்பிட்டீங்களா?"

"இல்லைங்க. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க."

"அப்ப அதிசயந்தான்."

அவர் கிண்டலாகச் சொன்னது என் காதில் பாராட்டாக விழுந்தது. அதிசயம்தானே? தென்மாவட்டத்திலிருந்து வந்தவர், உள்ளூர்க்காரர், கிறிஸ்தவர், இந்து, பதினெட்டு வயது, ஐம்பது வயது, எல்லோரும் அரசியலில் ஒரே குரல். இரவு பகலாக உட்கார்ந்து ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். 'தொழிற்கூடம் உருவாக்கும் கூட்டு அரசியல் உணர்வு' என்பது அதன் தலைப்பு. அதைத் தட்டச்சு செய்யும்போது எனக்கே புல்லரித்தது. மேனேஜர் கொடுத்த பையிலிருந்த எக்ஸ்போர்ட் டீ-ஷர்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். வெளிர்பச்சை நிறம். நெஞ்சில் ஒரு மஞ்சள் வாத்து, குடை பிடித்திருந்தது.

பீரோவுக்கு விக்கல்

வசந்தா மேடம் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்த காலைதான் அது நடந்தது. நான் நூலகத்தில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே ஒரு வெள்ளை கார் நிற்கிறது. அதிலிருந்து மேனேஜர் பிரகாஷ் இறங்குகிறார். பின்னாலேயே வேட்டி சட்டையில் ஒரு பெரியவர்.

மேனேஜர் அங்கிருந்தே அண்ணாந்து பார்த்து, என்னைச் சுட்டிக் காட்டினார்.

என் படிப்பு மொத்தமும் அதிகாரம் பற்றியது. அதிகாரம் மாடிப்படி ஏறி வந்தால் என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. இரண்டு பீரோக்களுக்கு நடுவில் ஒரு சந்து இருந்தது. அதில் போய்ப் பக்கவாட்டில் நின்றுகொண்டேன். வயிற்றை உள்ளிழுத்தால்தான் நிற்க முடிந்தது. வயிற்றை இழுத்ததும் விக்கல் ஆரம்பித்தது.

நூலகத்துக்கும் மேடத்தின் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பேச்செல்லாம் கேட்டது.

"வணக்கமுங்க மேடம். நான் நாச்சிமுத்து, கம்பெனி நம்முதுதானுங்க. தம்பி ஒருத்தர் வந்திருந்தாருங்களே. அவரு மேல தப்பு சொல்ல வரலீங்க. தப்பு எங்குளுதுதானுங்க."

"என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

மேனேஜர்தான் சொன்னார். வெளிநாட்டு பையர் ஒருவர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டர் அனுப்புவதாக இருந்தது. எத்தனை மணி நேர வேலை, ஓவர்டைமுக்கு என்ன சம்பளம், தீயணைப்புக் கருவி எங்கே என்றெல்லாம் தொழிலாளர்களிடம் நேரடியாகக் கேட்பார்கள். அதனால் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் பாடம் நடத்தியிருந்தார்கள். அந்த வாரம் பார்த்து, அட்டை மாட்டிக்கொண்டு நான் போனேன்.

"பொட்டி சப்ளை பண்ற பழனிச்சாமி, 'நம்ம மருமகன் வர்றான், கேள்வி கேப்பான்'னு சொன்னாருங்க மேடம். ஆடிட்டரே நம்ம சொந்தத்துக்குள்ள அமைஞ்சுட்டாருன்னு நானும் சந்தோசப்பட்டுட்டனுங்க."

"சரி, அதனால இப்ப என்ன நஷ்டம்?"

"மூணு நாள் கழிச்சு நெஜ ஆடிட்டரு வந்தாருங்க. கேட்டுல வாட்ச்மேன், 'ஆடிட்டெல்லாம் முடிஞ்சுதுங்க, சாரு எளனி குடிச்சுட்டுப் போயிட்டாரு'ன்னு சொல்லி அனுப்பிச்சுட்டானுங்க."

 தடுப்புக்கு இந்தப் பக்கம் என் விக்கல் ஒன்று பலமாக ஒலித்தது.

"அந்த பீரோ விக்குது," என்றார் மேடம். "போய் என்னன்னு பாருங்க."

மேனேஜர் வந்து பார்த்தார். நான் வெளியே வந்தேன். தலையில் ஒட்டடை, நெஞ்சில் வாத்து. நாச்சிமுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அடியை எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"நம்ம பீஸுங்களா? சைஸு பத்துதுங்களா தம்பி? தோள்ல கொஞ்சம் புடிக்குது பாருங்க. இன்னொரு சைஸு கொடுத்துவிடறனுங்க."

அவர் கேலி செய்யவில்லை. மனதாரக் கேட்டார். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் வலித்து ஆறியிருக்கும். அந்த மரியாதையில் காது மடல் சுட்டது. இன்றும் யாராவது 'சைஸ் சரியா இருக்குங்களா' என்று கேட்டால் எனக்கு அதே இடத்தில் சுடுகிறது. துணிக்கடைக்கு மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு நான் வாசலில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

"இது அவங்க குடுத்ததா?" என்றார் மேடம்.

விக்கல்தான் பதில் சொன்னது.

ஆள் மாறிப்போனதை விளக்க மேடம் போனை எடுத்து, மேனேஜர் கொடுத்த எண்ணில் ஆடிட் அலுவலகத்துடன் பேசினார். அந்தப் பேச்சில் ஒரு வரி எனக்கு மனப்பாடம்.

"அவன் எங்க மாணவன். ஆடிட்டர் இல்லை. இன்னும் ஆராய்ச்சியாளரும் இல்லை."

மறுபடி ஆளனுப்ப அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து எழுந்து கும்பிட்டார். என்னையும் கும்பிட்டார். பதிலுக்கு நானும் கும்பிட்டேன், வாத்தை மறைத்தபடி.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

அவர்கள் போனதும் மேடம் என் அத்தியாயத்தை மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அவங்க பதில் சொல்லும்போது பக்கத்துல யார் நின்னாங்க?"

"மேனேஜர் மேடம்."

"களக்குறிப்புல அதை எழுதினியா?"

"இல்ல மேடம்."

"என்ன எழுதியிருக்க?"

"இளநீர் குடுத்தாங்கன்னு."

அவர் சிரிக்கவில்லை. "ஓட்டுப் பத்திக் கேட்டா ஓவர்டைம் பத்திச் சொல்றாங்க. அது உனக்கு விநோதமாப் படலை. எல்லாரும் சார் சார்னு சொன்னது காதுக்கு இதமா இருந்திருக்கும். அவ்வளவுதான் இந்த அத்தியாயம்."

அத்தியாயத்தின் தலைப்புப் பக்கத்தை நான் குப்புறத் திருப்பி வைத்தேன்.

"கமிட்டிக்கு இன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமை இருக்கு. அவங்க குடியிருக்கிற இடத்துக்குப் போ. தனியாப் போ. உண்மையாக் கேட்டு வந்தா கமிட்டியில உனக்காகப் பேசுவேன். இல்லேன்னா இதையும் சேர்த்துக் கட்டி ஊருக்கு எடுத்துட்டுப் போயிடு."

முதல் ஞாயிறு நான் போகவில்லை. போவதற்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீ குடித்து, தலைவலி என்று எனக்கே ஒரு காரணம் சொல்லித் திரும்பி வந்துவிட்டேன். ஏமாற்றியதாக அவர்கள் நினைத்தால்? அதைவிட, ஆடிட்டர் என்றே நினைத்து மறுபடி எழுந்து நின்றால்? இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை. மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு இருந்ததால் அடுத்த வாரம் போனேன்.

கம்பெனிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி லைன் வீடுகள். எல்லா வாசலிலும் துணி காய்ந்தது. ஒரு வீட்டில் கறிக்குழம்பு கொதித்தது, இன்னொன்றில் இந்திப் பாட்டு. ஜெயராணி குழாயடியில் போர்வை அலசிக்கொண்டிருந்தார். மாஸ்க் இல்லாத முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

"ஏட்டி, ஆடிட்டரு சார் வந்திருக்காவ," என்று குரல் கொடுத்தார்.

நான் பயந்ததே நடந்தது. நான்கு வாசல்களிலிருந்து பெண்கள் எழுந்தார்கள். ஒருவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, "எட்டு மணி நேரந்தான் சார்" என்றார்.

"நான் ஆடிட்டர் இல்லைங்க. மாணவன்."

ஜெயராணி போர்வையைப் பிழிவதை நிறுத்தினார். "மாணவனா? இந்த வயசுலயா?"

சுற்றிலும் சிரிப்பு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டைப்பெட்டி மாமா, இளநீர், பீரோ, விக்கல். வாத்துவரைக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு நாலு நாளு சொல்லிக் குடுத்தாவ சார். நீங்க என்னடான்னா ஓட்டுன்னு கேட்டிய. அதுக்குப் பதில் சொல்லிக் குடுக்கலியே. கிட்டத்துல கெடந்த பதில எடுத்து வுட்டுட்டேன்."

"நானும் கிட்டத்துல கெடந்ததைத்தாங்க எழுதிட்டேன்."

"இப்ப என்ன வேணும்?"

"நெஜமான பதில் வேணுங்க. பேரை எங்கேயும் போட மாட்டேன். இது இல்லேன்னா என் படிப்பு நின்னுரும்."

அவர் துணிக்கல்லில் உட்கார்ந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார்.

"அன்னிக்கு நாங்க வரிசையில நின்னு சொன்னோம். இன்னிக்கு மொதல்ல நீங்க சொல்லுங்க. போன தேர்தல்ல நீங்க ஓட்டுப் போட்டியளா?"

அரசியல் பங்கேற்பில் ஆராய்ச்சி செய்யும் என்னிடம் அதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. மேடம் கேட்கவில்லை, கமிட்டி கேட்கவில்லை. போட்டேன் என்று வாயைத் திறந்தேன். விக்கல் வந்தது.

"போடலைங்க."

"ஏன்?"

"ஓட்டு மடத்துக்குளத்துல இருக்குங்க. நான் ஹாஸ்டல்ல இருந்துட்டேன்."

"லீவு விடலியா?"

"விட்டாங்க."

"பஸ்ஸு இல்லியா?"

"இருந்துச்சு." இனி ஒளிய பீரோ இல்லை. "லீவு நாள்னு அன்னிக்கு ஹாஸ்டல்ல கோழி பிரியாணி போட்டாங்க."

சிரிப்பு அந்தக் கோடிவரை போனது. கறிக்குழம்பு வீட்டுப் பெண் கரண்டியோடு வெளியே வந்து, என்ன என்று கேட்டு, இன்னொரு முறை சொல்லவைத்துச் சிரித்துவிட்டுப் போனார். நான் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"அத எழுதுங்க மொதல்ல," என்றார் ஜெயராணி.

அவர் பார்த்துக்கொண்டிருக்க, என் கேள்வித்தாள் ஒன்றில் என்னைப் பற்றியே நிரப்பினேன். வாக்களித்தீர்களா: இல்லை. காரணம்: பிரியாணி.

அவர் சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"நானும் போடல சார். இங்க வந்த பொறவு ஒரு தடவைகூடப் போடல. ஓட்டு சங்கரன்கோவில் பக்கத்துல கெடக்கு. ரேஷன் கார்டும் அங்கன. லீவு ஒருநாளுதான். போவ ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. மறுநா காலையில வந்து நிக்கலேன்னா அந்த எடத்துல வேற ஆளு நிப்பா. ஓட்டுக் கேக்க ஊருக்கு வாரவனுக்கு நாங்க இங்க இருக்கோம்னு தெரியும். இங்க வாரவனுக்கு எங்க ஓட்டு அங்கன இருக்குன்னு தெரியும். ரெண்டு பேரும் எங்க வாசலுக்கு வாரதில்ல."

பக்கத்து வாசல் பெண், "எனக்கும் கார்டு மதுரையிலதான்" என்றார். அடுத்தவர் வேறு காரணம் சொன்னார். அதற்கடுத்தவர் அதை மறுத்தார். சாயங்காலம்வரை எழுதினேன். கமிட்டியில் வசந்தா மேடம் எனக்காகப் பேசியது அந்தப் பக்கங்களை வைத்துத்தான்.

ஆனால் அது பிறகு. அந்த மதியம், ஜெயராணி சொன்னதை எழுத நான் புதுத் தாளை எடுத்தபோது, அவர் கல்லிலிருந்து எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பாத்து எழுதுங்க சார். எனக்கும் பிரியாணின்னு போட்டுராதீங்க."